கைக்குள் தக்கை

தக்கை என் கைக்குள் இருக்கிறது. வலது கைக்குள், முந்தானைக்கு அடியில், விரல் ஐந்தும் இறுக்கி மடங்கியிருக்க. சாமியார் ஜெபம் சொல்கிறார், எல்லாரும் ஆமென் என்கிறார்கள், நானும் என்கிறேன், என் ஆமென் மட்டும் கொஞ்சம் பிந்தி விழுகிறது. எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது இந்தத் தக்கை. பூவரசங்கட்டையில் செதுக்கி, மேலே சைக்கிள் ட்யூப் சுற்றியது. படகின் பின்பக்கம், அடியோரத்தில், கழுவின தண்ணீர் வடிந்துபோக ஒரு துளை உண்டு, கட்டைவிரல் நுழையும். கரையில் நிற்கும்வரை அது திறந்து கிடந்தால் ஒன்றுமில்லை. கடலில் இறங்கும்போது இந்தத் தக்கை அதற்குள் இருக்க வேண்டும், உள்ளே இருந்து சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறுக்கியிருக்க வேண்டும். இது என் கையில் இருக்கிறது. படகோ இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கப் போகிறது, அதில் என் வீட்டுக்காரர் ஏறப் போகிறார். சொல்லிவிட்டால் தீர்ந்தது. தெருவில் என்னைவிடப் பெரிய வாய் யாருக்கும் கிடையாது, குழாயடியில் நான் பேச ஆரம்பித்தால் குடம் நிரம்பி வழிவதுகூட யாருக்கும் தெரியாது என்பார்கள். அந்த வாய்தான் இப்போது ஆமென் மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கை வேர்த்து ட்யூப் ரப்பர் வழுக்குகிறது. கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது, விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், பார்த்தால் நல்லதுதானே, இல்லை நல்லதில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

வேண்டும் என்று எடுக்கவில்லை, மாதா சத்தியமாக. நேற்றுச் சாயங்காலம் படகுக்குள் தண்ணீர் நிறைத்துப் பார்த்தார்கள். பழைய படகு வாங்கினால் அப்படித்தான் செய்வது. கடலில் போய் ஓட்டையைத் தேட முடியுமா, அதனால் கரையிலேயே உள்ளே தண்ணீர் நிறைத்து, வெளியே எங்கே கசிகிறது என்று சுற்றிவந்து பார்ப்பது. ஐஸ் கம்பெனியிலிருந்து குழாய் இழுத்துவந்து விட்டோம். அவர் ஒரு பக்கம், தொம்மை மறு பக்கம். தொம்மை அவருடைய சித்தப்பா மகன், படகில் பாதி அவனுக்கு. இரண்டு பேரும் மணலில் முட்டி போட்டுப் படகின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு சொட்டு இல்லை. "பாத்தியளா எண்ணே, புதுக் கொடம் மாரி நிக்கி" என்றான் தொம்மை. பிறகு எஞ்சினைத் தூக்கிவரப் போனார்கள். போகிற போக்கில் அவர் திரும்பி, "ஏளா ஜெசிந்தா, தக்கையப் புடுங்கி வுடு, தண்ணி வடியட்டும்" என்றார். உள்ளே இறங்கி முழங்கால் தண்ணீரில் குனிந்து பிடுங்கினேன். மாடு மூத்திரம் பெய்கிற மாதிரி மணலில் விழுந்தது தண்ணீர். வடிந்து முடிந்ததும் திரும்ப வைக்கலாம் என்று தக்கையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குள் ஐஸ் கம்பெனிக்காரன் குழாயைக் கேட்டு வந்தான், குழாயில் கிழிசல் என்றான், கிழிசல் முன்பே இருந்தது என்றேன் நான், பேச்சு வளர்ந்தது, வாயைக் கொடுத்தால் எனக்கு மற்றது எதுவும் ஞாபகம் இருக்காது. காலையில் அடுக்களையில் குனிந்தபோது இடுப்பிலிருந்து டொக்கென்று விழுந்தது. எடுத்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமாய் வந்தேன். படகுப் பக்கம் ஈ காக்கை இல்லை. உள்ளே ஏறி, ஒரு கல்லால் தட்டினால் முடிந்தது. ஏறவில்லை. படகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. அப்போது தொம்மை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "என்ன மைனி, வெள்ளனமே வந்துட்டிய, எங்களுக்கு முன்னால நீங்க கடலுக்குப் போயிருவிய போல" என்று சிரித்துக்கொண்டே வலையை எடுத்துத் துளை இருக்கும் பக்கமாகவே போட்டான். துளை மறைந்துபோனது.

இந்தப் படகு வந்த நாளிலிருந்தே எனக்குச் சரியில்லை. லாரியில் வந்தது, வேம்பார்ப் பக்கமிருந்து. மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, பின்னால் சிவப்புத் துணி கட்டி, எங்கள் தெருவின் கரண்ட் கம்பியைக் கம்பால் தூக்கிப் பிடித்து அடியில் நுழைத்துக் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்கு நடுவே படகு வருவதைப் பார்க்க நன்றாகவே இல்லை. விற்றவரும் கூடவே வந்தார், கஸ்மீர் என்று பெயர், நரைத்த மனுஷன். "நல்ல படகுன்னா எதுக்கு விக்கிய?" என்று கேட்டுவிட்டேன். "மவன் கத்தாருக்குப் போயிட்டான் தாயி, கூட ஏற ஆளு இல்ல" என்றார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, படகைப் பார்த்துச் சொன்னார். இறக்கி முடிந்ததும் படகின் முனையில் கட்டியிருந்த காய்ந்த குருத்தோலையை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோவிலில் மந்திரித்த ஓலை, குருத்து ஞாயிறன்று கட்டியிருப்பார். அது அவருடையதுதான், எடுக்கட்டும். ஆனாலும் காவல் இல்லாமல் படகு மட்டும் எங்களிடம் வந்த மாதிரி. மறுநாள் என் வீட்டுக்காரரும் தொம்மையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நீலம் போனது, கீழே பச்சை வந்தது, பச்சையில் ஒரு பெயர், ஜெபமாலை மாதா என்று. அதையும் தேய்த்தார்கள். கீழே சிவப்பு, அதில் வேறு ஒரு பெயர், பாதி எழுத்துதான் மிச்சம். எத்தனை பேர் கையிலிருந்து எத்தனை பேர் கைக்கு. விற்றவர்களின் மகன்கள் அத்தனை பேருமா கத்தாருக்குப் போனார்கள்? ஃபைபர் தூசி பட்டு எங்கள் கை முழுக்க அரித்தது, தேங்காய் எண்ணெய் போட்டும் போகவில்லை. அடிப்பலகையைத் தூக்கிக் கழுவும்போது இடுக்கில் ஒரு ரப்பர் செருப்பு, ஒற்றைச் செருப்பு, இடது கால், ஆம்பளைச் செருப்பு. அவர் பார்ப்பதற்குள் எடுத்து மணலில் புதைத்துவிட்டேன். நாய் தோண்டிவிடுமோ என்று நேற்றுக்கூடப் போய்ப் பார்த்தேன். ஒரு செருப்புக்குப் போய் இப்படியா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பு எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் ராயப்பன். போன ஐப்பசியில் அவருடைய பழைய படகு, கரையோரம் அலை உடைகிற அலைவாயில் கவிழ்ந்தது. பின்பக்கம் தண்ணீர் ஏறியிருந்தது, கனத்துப்போன படகு அலைக்கு மேலே ஏறாமல் அலைக்குள் போய்விட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவரை நீரோட்டம் இழுத்துப் போய்விட்டது. ஒரு மண்ணெண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுநாள்வரை கிடந்தார். கூடப் போன அமலதாஸ் வரவில்லை. இவர் வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் துருவவில்லை, வாயாடி நான், அதை மட்டும் கேட்டதில்லை. பிறகு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போனார். தெருவில் பயல்கள் "ஐஸு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், இவரும் சிரித்துக்கொண்டே போவார். பயமா என்று யாராவது கேட்டால், "கடலுக்கா? போவே" என்பார். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூட மாட்டார். யாராக இருந்தாலும் தண்ணீர் முகத்தில் விழும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். இவருக்கு மூடாது. சோப்பு நுரை கண்ணுக்குள் போய் எரிந்து சிவந்தாலும் திறந்தே வைத்திருப்பார், விட்டத்தையே பார்த்துக்கொண்டு. ஒருநாள் முதுகு தேய்க்கப் போய் அதைப் பார்த்தேன். சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனுஷன்தான் இப்போது புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, சாமியார் பக்கத்தில் மெழுகுதிரி பிடித்து நிற்கிறார். காற்றில் திரி அணைந்து அணைந்து போகிறது. ஒவ்வொரு தடவையும் தொம்மை தீப்பெட்டி உரசுகிறான்.

தீர்த்தம் தெளிக்கிறார் சாமியார். முனையில், எஞ்சின்மேல், வலைமேல். வலைக்கு அடியில் துளைமேலும் விழுந்திருக்கும் ஒரு சொட்டு. பனிமய மாதா என்று புதுப் பெயிண்டில் பெயர், இன்னும் வாடை போகவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை, மாதாவுக்கு உகந்த நாள், அதனால்தான் இன்றைக்கு. நாளைக்கு ஞாயிறு, எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அப்படியென்றால் இன்றைக்கு நின்றுவிட்டால் திங்கட்கிழமைதான். அதைத்தான் காலையிலிருந்து மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஏறினால் போதும், திரும்பிவிடுவார்கள். கரையோரத்திலேயே பார்த்துவிடுவார்கள், எவன்டா தக்கையை எடுத்தான் என்று தொம்மை கத்துவான், இழுத்துப் போடுவார்கள், நேரம் போய்விடும், காற்று மாறிவிடும். இன்றைக்கும் நாளைக்கும் அவர் வீட்டில் இருப்பார். திங்கட்கிழமை திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு நஷ்டம்? இப்படி யோசிக்கும்போதே பின்னால் இன்னொரு யோசனை வந்து நிற்கிறது. பார்க்காவிட்டால்? துளைமேல் வலை கிடக்கிறது, வலைக்கு மேல் ஐஸ் பெட்டி. தண்ணீர் ஏறுவது யாருக்குத் தெரியும். எஞ்சின் கனம் வேறு பின்பக்கம்தான். அலைவாய்க்குப் போகும்போது பின்பக்கம் கனத்து, படகு மேலே ஏறாமல், ஐயோ. போன தடவை அவரைக் கடல் கொண்டுபோனது தண்ணீர் ஏறித்தானே. அந்தத் தண்ணீரைத்தான் நான் கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று அவருக்குக் குழி தோண்டுகிறேன். சொல்லு ஜெசிந்தா. இப்போது சொல்லு. சாமியார் கடைசி ஜெபம் சொல்கிறார், இப்போது சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். படகு இறக்கும் அன்று ஓட்டை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, முங்கும், கவிழும், திரும்பு, எதுவும் கூடாது. படகுக்காரன் பெண்டாட்டியே சொன்னால் கேட்கவே வேண்டாம். அடுத்த வருஷம் யாருக்குத் தலைவலி வந்தாலும் நான் சொன்ன சொல்தான் காரணம் என்பார்கள். சரி, மெதுவாகப் பக்கத்தில் போய் அவர் காதில் சொல்லலாம். இரண்டு அடி வைத்தேன். அதற்குள் "ஏலேலோ" என்று தொம்மை குரல் கொடுத்துவிட்டான்.

ஆண்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துவிட்டார்கள். உருளைக் கட்டைமேல் படகு நகர்கிறது. அவரும் தள்ளுகிறார், முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகு தெரிகிறது, முதுகில் சட்டை ஒட்டியிருக்கிறது. தள்ளுகிற சத்தத்தில் நான் "என்னங்க" என்று சொல்லியிருக்கிறேன் போல, பக்கத்தில் நின்றவள் "என்ன?" என்கிறாள், "ஒண்ணுமில்ல" என்கிறேன். ஒன்றுமில்லையாம். நாக்கை அறுத்துப் போட்டால்தான் என்ன. ஈர மணல் வந்துவிட்டது. முதல் அலை வந்து படகின் மூக்கை நனைக்கிறது. கால் நனைவதற்கு முன்பே ஏறிவிட்டார். தொம்மை முன்னால், இவர் பின்னால், எஞ்சின் பக்கத்தில். துளைக்குப் பக்கத்தில். மற்றவர்கள் மார்பளவு தண்ணீரில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அலை ஓய்கிற நேரம் பார்த்து விடுவதற்கு. படகு மிதக்கிறது. துளை தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது ஏறிக்கொண்டிருக்கும், கட்டைவிரல் கனத்துக்கு, சத்தமில்லாமல். குனிந்து பாருங்களேன். குனிகிறாரா? இல்லை. நேராக நிற்கிறார், கடலைப் பார்த்து, கம்பம் மாதிரி. ஒருதரம் கீழே பாருங்களேன், என் ராசா. பார்த்தால் திரும்பிவிடுவீர்களே. பார்க்கவில்லை. அலை ஒன்று வருகிறது, இன்னொன்று, அதற்குப் பின்னால் கொஞ்சம் ஓய்வு தெரிகிறது, அந்த இடைவெளியில் விட்டுவிடுவார்கள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. என் அம்மா கூப்பிட்டதில்லை, நானும் இத்தனை வருஷத்தில் கூப்பிட்டதில்லை, சோற்றுச் சட்டியை மறந்துவிட்டுப் போன நாளில்கூட. போன ஐப்பசியிலும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் என்ன கண்டேன்? இருந்தாலும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்துதானே கூடாது. முன்னால் போய் நின்றால் அது பின்னாலிருந்து கூப்பிட்டது ஆகாதே. எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று தெரியவில்லை. கால் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் முழங்கால், தொடை, இடுப்பு. புடவை காலைக் கட்டிப்போடுகிறது. ஒரு அலை அடித்து வாய்க்குள் உப்பு. கரையில் எல்லாரும் கத்துகிறார்கள், என் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள், பின்னாலிருந்து, கத்தட்டும். படகைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் அதன் மூக்கைப் பிடித்தேன். பனிமய மாதாவின் 'ப' என் கன்னத்துக்குப் பக்கத்தில். "மைனி! கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு? ஒத்துங்க, அலை வருது!" தொம்மை மேலிருந்து கையை வீசுகிறான். நான் அவனைப் பார்க்கவில்லை. பின்பக்கம் நிற்கிறவரைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் வலது கையைத் தூக்கி விரித்தேன். விரல் விரிய மறுத்தது, காலையிலிருந்து மடங்கிக் கிடந்த விரல். தக்கை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. தொம்மை அதைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டான். அவர் வலையைத் தாண்டி, ஐஸ் பெட்டியைத் தாண்டி முன்னால் வந்தார். மெதுவாகத்தான் வந்தார். முனைத் தட்டில் ஏறிக் குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கால் கணுக்காலுக்கு மேலே நனைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படகுக்குள்ளே நின்றவருக்குக் கால் எப்படி நனையும்? அத்தனை நேரம் அந்தத் தண்ணீரில்தான் நின்றிருக்கிறார். கீழே பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

"எப்பப் பாத்திய?" என்றேன். "விடியக்காலம். நீ வாரதுக்கு முன்ன." "பாத்துட்டுமா ஏறுனிய?" தக்கையை எடுக்க வந்த கை என் கைமேலேயே இருந்தது, ஐஸ் உடைக்கிற கை, ஐஸ் மாதிரிதான் குளிர்ந்து கிடந்தது. பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "கொஞ்சம் தண்ணி ஏறுனாத் திரும்பிரலாம்னு பாத்தேன்." காலையிலிருந்து என் மனசுக்குள் ஓடிய அதே வார்த்தை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியாக வைத்து ஒளித்திருக்கிறோம், அவர் ஒரு அறையில், நான் அடுக்களையில். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, இந்த மனுஷன் திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்துக்குள் அலைவாய் வந்திருந்தால்? "பயமா இருக்கா?" என்று கேட்டேன். ஐப்பசியிலிருந்து கேட்காத கேள்வி. "ஆமா" என்றார். "எனக்கும்" என்றேன். அவ்வளவுதான். வேண்டாம், இறங்குங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே இறங்கியிருப்பார். அது எனக்குத் தெரிந்தது. இறங்கினால் இனி எந்தத் திங்கட்கிழமையும் ஏற மாட்டார் என்பதும், நான் இறக்கிவிட்ட ஆளாகவே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதும் தெரிந்தது. சொல்ல வாய் வரை வந்தது. "அங்க என்ன குசுகுசுப்பு? ஆளுக்கு ஆளு பாக்காவ!" என்றான் தொம்மை. அவர் நிமிர்ந்தார். "லே தொம்மை, இன்னைக்கி வலை போடல. அலையத் தாண்டி ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிருவோம். நீ தண்ணியக் கோரு." திரும்பிருவோம் என்ற சொல்லை அவரே சொல்லிவிட்டார், படகு இறங்கும் நாளில், ஊர் கேட்க. தொம்மை வாளியை எடுத்தான். பிறகு அவர் தக்கையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் வலையை ஒதுக்கிவிட்டுச் சுத்தியலைத் தேடினார். நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, "ஒத்தி நில்லுளா" என்றார்.

ஒதுங்கினேன். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது, கட்டைமேல் சுத்தியல். தொம்மை வாளியால் கோரிக் கோரி ஊற்றினான், கடல் தண்ணீர் கடலிலேயே விழுந்தது. கரையில் நிற்கிறவர்கள் நாளைக்குக் குழாயடியில் பேசுவார்கள், பேசட்டும், எனக்கும் வாய் இருக்கிறது. எஞ்சின் பிடித்தது. மண்ணெண்ணெய்ப் புகை என்மேல் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "போய்ட்டு வாரேன்" என்றார், பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். என் வலது கை வெறுமையாக இருந்தது, உள்ளங்கையில் ட்யூப் ரப்பரின் வரி வரியான தடம். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மற்றக் கையால் அதையே பிடித்துக்கொண்டேன். படகு முதல் அலைமேல் ஏறியது. ஏறிவிட்டது, பின்பக்கம் இழுக்கவில்லை. அடுத்தது பெரிய அலை, முன்னால் வெள்ளையாக எழுந்து நின்றது, படகின் மூக்கு அதற்குள் போனது, இரண்டு பேரும் மறைந்துபோனார்கள். கரையிலிருந்து யாரோ, "ஏ ஜெசிந்தா, வெளிய வா, அலை!" என்று கத்தினார்கள். அந்த அலைதான் இப்போது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால்தான் அவர் இருக்க வேண்டும். அலை என் தலைக்கு மேலே வந்து விழுந்தது, உப்பு கண்ணுக்குள் போய் எரிந்தது. நான் கண்ணை மூடவில்லை.